கறுப்புச் சாவு: கண்காட்சி மேசையில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கொழுந்துக்கூடை (ஹட்டன்):
தரம் 11 பிள்ளைகள் பாடசாலைக் கண்காட்சிக்குக் கறுப்புச் சாவு (1347–1351இல் ஐரோப்பாவில் பரவிய கொள்ளைநோய்) பற்றி ஒரு பகுதி செய்கிறார்கள். இப்போதைக்கு இருப்பது ஒரு பறவை அலகு முகமூடி, பூனையைக் கொன்றதால் எலி பெருகியது என்று ஒரு போர்ட், மேலே ‘அறியாமை’ என்ற தலைப்பு. இது சரியா? அந்தக் காலத்து ஆட்கள் என்ன நம்பினார்கள், என்ன வைத்தியம் செய்தார்கள்? இரண்டு மேசைக்குத்தான் இடம்.

பதுளைப்பாதை:
முகமூடியை எடுத்துவிடுங்கள் டீச்சர். அது 17ஆம் நூற்றாண்டுச் சாமான், 1347–1351 காலத்தில் யாரும் போட்டதில்லை. நாய், பூனைகளைக் கொல்லச் சொன்ன உத்தரவும் 1665இல் லண்டனில் வந்தது.

தலைப்பும் நியாயமில்லை. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. 1348இல் பிரான்ஸ் அரசர் கேட்டு, பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது இது: 1345இல் கும்ப ராசியில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கூடின, அதனால் கெட்ட வாயு கிளம்பிக் காற்று அழுகியது, அதை மூச்சில் இழுத்தால் இதயம் கெடும். பஞ்சாங்கம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். இதை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். தெற்குக் காற்று சூடும் ஈரமும், ஆகவே அந்தப் பக்க ஜன்னலைப் பூட்டு, வடக்கைத் திற. வெந்நீர் மயிர்த்துவாரத்தைத் திறந்துவிடும், குளிக்காதே. வாசனை விறகு எரி, வினாகிரி நனைத்த பஞ்சை மூக்கில் பிடி. அவர்கள் எரித்த ஜூனிப்பர் என்ற வாசனை மரம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வினாகிரிப் பஞ்சு ஒன்றை மேசையில் வையுங்கள். மணமே பாதிப் பாடம்.

மருந்துப்பெட்டி (கண்டி):
வைத்தியம், நோயில் வீங்கும் நெறிக்கட்டி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும். காதுக்குப் பின்னால் என்றால் மூளை தள்ளிய நஞ்சு, அக்குள் என்றால் இதயம், தொடை இடுக்கு என்றால் ஈரல். இரத்தம் எடுக்கும்போது அதே பக்கத்து நாளத்தைத்தான் கீற வேண்டும், அக்குளுக்குக் கையில், இடுக்குக்குக் காலில். பக்கம் மாறினால் நஞ்சு உடம்பைக் குறுக்கே கடக்கும் என்று பயந்தார்கள். ஒரு மனித உருவம் வரைந்து இந்த மூன்று இடத்தையும் சிவப்பில் குறித்தால் போதும்.

பிரான்ஸின் அவிஞோனில் இருந்த மருத்துவர் கீ த ஷோலியாக் கட்டியைப் பழுக்க வைத்த விதம்: அத்திப்பழமும் அவித்த வெங்காயமும் பிசைந்து, புளித்த மாவும் பட்டரும் சேர்த்து வைத்துக் கட்டுவது. பழுத்ததும் கீறி, புண்ணுக்குச் செய்வதைச் செய்வது. அவருக்கே கட்டி வந்து ஆறு வாரம் கிடந்து பிழைத்தார். இரத்தம் துப்பியவர்கள் மூன்று நாளில், கட்டி வந்தவர்கள் ஐந்து நாளில் இறந்தார்கள் என்று பிரித்து எழுதியவரும் அவர்தான். நுரையீரல் வகை, நெறிக்கட்டி வகை என்று இன்று சொல்வதும் அதே பிரிவுதான். சீழை வெளியேற்றினாலும் கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தால் பயனில்லை. இரத்தம் எடுத்தது தளர்ந்த ஆளை இன்னும் தளர்த்தியது.

தலைமன்னார்வழி:
இரண்டாவது மேசையை ரகூசா துறைமுக நகருக்குக் கொடுங்கள், குரோஷியாவில் உள்ள இன்றைய டுப்ரோவ்னிக். 1377இல் அங்கே போட்ட சட்டம்: நோயுள்ள ஊரிலிருந்து வருகிறவர் மர்க்கான் தீவிலோ பக்கத்து ஊரான சாவ்டாட்டிலோ ஒரு மாதம் இருந்த பிறகே நகருக்குள் வரலாம். அவர்களைப் பார்க்கப் போன உள்ளூர்க்காரரும் ஒரு மாதம் அங்கேயே. பிறகு பல துறைமுகங்களில் அது 40 நாளானது. நெறிக்கட்டி வகை ஒரு கிழமைக்குள் வெளியே தெரிந்துவிடும், ஆகவே ஆட்களுக்கு 30 நாளே தாராளம். ஆனால் எலிக்கும் தெள்ளுக்கும் எந்தச் சட்டமும் இல்லை. தெள்ளின் தொண்டையில் கிருமி அடைத்துக்கொள்ளும், பசியில் அது திரும்பத் திரும்பக் கடிக்கும், குடித்த இரத்தம் கிருமியோடு கடிவாயில் திரும்பும். எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளு மனிதரிடம் தாவும். 1894இல் கிருமியும் 1898இல் தெள்ளின் பங்கும் தெரிந்த பிறகே இது புரிந்தது.

பக்கத்தில், தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் கேம்ப் படம் ஒன்றும் போடுங்கள். தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களை அங்கே மறித்து வைத்ததும் இதே முறைதான்.

கொழுந்துக்கூடை:
மிக்க நன்றி. ‘எலிக்காய்ச்சல்’ என்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், விடலாமா?

மருந்துப்பெட்டி:
கூடாது. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருவது, கிருமியே வேறு. கொள்ளைநோய் என்று மாற்றுங்கள்.

பதுளைப்பாதை:
‘அறியாமை’ என்ற தலைப்பு இருந்த இடத்தில் ஸ்ட்ராஸ்பூரை (இன்று பிரான்ஸில் உள்ள நகரம்) வையுங்கள். 1349 பெப்ரவரி 14 அன்று, கிணற்றில் நஞ்சு போட்டதாகச் சொல்லி அந்த ஊர் யூதர்களை எரித்தார்கள். நோய் அப்போது அங்கே வந்திருக்கவேயில்லை. யூதர்களும் அதே நோயில்தான் சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளமென்ட் முந்திய வருடமே எழுதியிருந்தார்.