ஏஐ, பதிப்புரிமை: கொள்கை வேலையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம். வேலூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். ஏஐ, பதிப்புரிமை குறித்த அரசுக் கொள்கை வேலைக்குப் போக ஆசை.

1957 பதிப்புரிமைச் சட்டம், 2024இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு எல்லாம் படித்திருக்கிறேன். 2025 டிசம்பரில் டிபிஐஐடி (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) வெளியிட்ட அறிக்கை, ஏஐக்குப் பயிற்சி கொடுக்கப் படைப்புகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் படைப்பாளியிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டாம், ராயல்டி கட்டினால் போதும் என்று யோசனை சொல்கிறது. சரி, எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் விடிய விடியப் பாடுவதை யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். அதை ஏஐ பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால், எந்தப் படைப்பாளர் சங்கத்திலும் பெயர் இல்லாத வாத்தியாருக்கு ராயல்டி பணம் எப்படிப் போய்ச் சேரும்? இதற்காகத்தான் அந்த வேலைக்கே போக நினைக்கிறேன்.

ஆலோசகர் பணிக்கு ஆள் எடுக்கும்போது என்ன பார்க்கிறார்கள்? மேற்படிப்பு கட்டாயமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.