நாடகத்துக்கு உதவி தேவை: அரசின் முதலீட்டுக் கழகத்தில் பணம் எப்படிக் காணாமல் போகும்?

டோம்பிவிலி ரகு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கற்பனை நாடு, பெயர் சங்குத்தீவு. பாஸ்பேட் தோண்டி விற்றே பணக்காரர்களான ஊர். சரக்கு தீர்ந்த பிறகு பேரப்பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்று யோசித்து அரசு ஒரு முதலீட்டுக் கழகம் ஆரம்பிக்கிறது. அதன் தலைவர்தான் வில்லன். இரண்டாம் காட்சியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பணமூட்டையுடன் கப்பல் ஏறுகிறார். டைரக்டர் படித்துவிட்டு, "முதலீட்டுக் கழகத்தில் மூட்டை ஏதுய்யா, அரிசி மண்டியா நடத்துகிறார்கள்?" என்று கேட்டுவிட்டார். நான் இருப்பது ஒரு மருந்துக் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில். பங்குச் சந்தைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். நிஜத்தில் இந்த மாதிரி இடத்தில் எப்படிக் கை வைப்பார்கள்? கூட்டம் கொட்டாவி விடாத அளவுக்குச் சொன்னால் போதும்.

மாட்டுங்கா பெரியவர்:
தம்பி, டைரக்டர் சொன்னது சரி. அரசு நிதி நிறுவனம் ஒன்றில் முதலீட்டுப் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவன் நான். அங்கே ரொக்கத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் ஃபைல்தான். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, ஏன் வாங்க வேண்டும் என்று கீழே உள்ள ஆபீசர் நோட் போடுவார். அது முதலீட்டுக் குழுவுக்குப் போய்க் கையெழுத்தாகி வந்த பிறகுதான் புரோக்கருக்கு ஆர்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் போதும், வேலை முடிந்தது. மேலிடத்திலிருந்து ஒரு போன் வரும், வாங்கிவிடுவார்கள். நோட்டை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். மேடையில் இப்படிக் காட்டுங்கள்: புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட்டில், அதாவது பங்கு வாங்கியதற்கான சீட்டில், திங்கட்கிழமைத் தேதி, குழுவின் ஒப்புதலில் வியாழக்கிழமைத் தேதி. ஒரு கிளார்க் இரண்டையும் மேஜைமேல் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறான். வசனமே வேண்டாம்.

இது நம் நாட்டில் நடந்த கதைதான். எல்.ஐ.சி. 1956 செப்டம்பரில் தொடங்கியது. வருஷம் திரும்புவதற்குள், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்கள். மனிதர் அப்போது கழுத்தளவு கடனில் இருந்தார். முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. பாலிசிதாரர் கட்டிய பிரீமியம், யாரைக் காப்பாற்றப் போனது பாருங்கள்! பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா இங்கேதான் பொதுமக்கள் முன்னால் விசாரித்தார். நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார். அமைச்சர், நான் ஒப்புதல் தரவில்லை என்றார். அந்த அமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு டி.டி.கே. என்றால் குக்கர்தான் தெரியும்). 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். எனக்குக் கேட்டால், இருவரும் அடுத்தடுத்து சாட்சி சொல்கிற அந்தக் கட்டம்தான் உங்கள் நாடகம். கப்பலை விடுங்கள்.

செம்பூர் மீனா:
ரகு, வில்லன் திருடனாகத்தான் இருக்க வேண்டுமா? நவ்ரு தீவைப் பற்றிப் படியுங்கள், உங்கள் சங்குத்தீவேதான். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர், தொழில் பாஸ்பேட். அந்த வருமானத்தை ஒரு அறக்கட்டளையில் போட்டு வெளிநாட்டில் சொத்து வாங்கினார்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-இல் லண்டனில் லியொனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டார்கள், அது சில வாரங்களில் படுத்துவிட்டது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோதெல்லாம் சொத்தைக் காட்டிக் கடன். 2004-இல் அந்தக் கட்டடமும் கைவிட்டுப் போனது. மூட்டை தூக்காமலே கஜானா காலி. நாடகத்துக்குள் ஒரு தோல்வி நாடகம் வைத்தால் சிரிப்பும் வரும்.

டோம்பிவிலி ரகு:
அக்கா, டா வின்சி காட்சி உறுதி! பெரியவரே, உங்கள் கிளார்க்குக்கும் ஆள் ரெடி. ஆனால் தடுக்க முயல்கிற ஆள் ஒருவர் வேண்டுமே. நான் ஜனாதிபதியை யோசித்தேன். அவருக்கு இதில் ஏதாவது அதிகாரம் இருக்குமா?

செம்பூர் மீனா:
சிங்கப்பூரில் உண்டு. முந்தைய அரசுகள் சேர்த்த இருப்பில் கை வைக்க ஜனாதிபதியின் சம்மதம் வேண்டும், அதை இரண்டாவது சாவி என்பார்கள். அதற்காகவே 1991-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். அப்படி வந்த முதல் ஜனாதிபதி ஓங் டெங் சியோங், "நான் காவல் காக்கிற சொத்தின் பட்டியலைக் கொடுங்கள்" என்று கேட்டார். அரசின் நிலம் கட்டடம் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் கொடுக்க, ஓர் ஆள் செய்தால் 56 வருஷம் ஆகும் என்று பதில் வந்ததாம். இதை அப்படியே வசனமாக வைக்கலாம். சாவி முதல்முறை திரும்பியது 2009-இல், பொருளாதார நெருக்கடி சமயம். 490 கோடி சிங்கப்பூர் டாலர். சம்மதம் கொடுத்தவர் எஸ்.ஆர். நாதன், நம்மவர்.

வாஷி குமார்:
எதிர் உதாரணம் மலேசிய அரசின் முதலீட்டுக் கழகமான 1எம்டிபி, 2009-இல் வந்தது. பெரிய முடிவு எதற்கும் பிரதமர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று அதன் விதி. பிரதமர் நஜிப்தான் நிதியமைச்சர், ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. இரண்டு சாவியும் ஒரே பாக்கெட்டில்! 450 கோடி டாலர் போயிற்று என்றது அமெரிக்க நீதித்துறை. 2022-இல் ஆள் சிறைக்குப் போனார்.

மாட்டுங்கா பெரியவர்:
ஜனாதிபதி இருக்கட்டும் தம்பி, ஆனால் போட்டு உடைப்பவரை ஆளும் கட்சிக்குள்ளிருந்தே எடுங்கள். முந்த்ரா விவகாரத்தை மக்களவையில் கிளப்பிய பெரோஸ் காந்தி காங்கிரஸ் எம்.பி., பிரதமர் நேருவுக்கு மாப்பிள்ளை. அந்த அவையில் மாமனார் முகம் எப்படி இருந்திருக்கும்! உங்களுக்கு ஒரு குடும்பச் சண்டையும் இலவசமாகக் கிடைக்கிறது. நோட் எழுதுகிற நடையில் சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை மாட்டுங்கா பக்கம் வாருங்கள், ஒரு பக்கம் எழுதியே தருகிறேன். நாடா கட்டின ஃபைல் அட்டைகளும் வீட்டில் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம்.