உதவி தேவை: அண்ணாவின் ஆமி இயலாமைக் கொடுப்பனவை மறுத்துவிட்டார்கள்

மானிப்பாய்_தங்கை
வணக்கம். அவசரம். ஆமியில் இருந்த அண்ணா கேட்ட இயலாமைக் கொடுப்பனவை மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. காது இரைச்சல், நாரி நோ இரண்டுக்குமே இல்லையாம். அப்பீல் போட எந்தப் படிவம், எவ்வளவு காலம் இருக்கிறது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

திருநெல்வேலி_குமார்
எந்த நாட்டு ஆமி? கடிதத் திகதி என்ன? மறுத்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது?

உரும்பிராய்_மாமா
பிள்ளை, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கோ. கிராம சேவையாளரின் கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ.

ஸ்காபரோ_வாசன்
கனடாப் படை என்றால் லோயருக்குக் காசே கொடுக்க வேண்டாம். ஓய்வூதிய வழக்கறிஞர் பணியகம் இலவசமாக வாதாடும். முதலில் மீளாய்வு, சரிவராவிட்டால் மேன்முறையீடு.

மானிப்பாய்_தங்கை
அமெரிக்க ஆமி. பீரங்கிப் பிரிவில் இருந்தவர். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கடிதம் வந்து சில மாதம்.

பழையபதிவர்
இதை இங்கே முன்பே விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. இதைத் தீர்மானிக்கும் அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தில் 2019 பெப்ரவரிக்குப் பின் வழி மூன்று. புதிய சான்று இருந்தால் துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. சான்று எதுவும் சேர்க்காமல் மூத்த அதிகாரி மறுபடி பார்க்க வேண்டுமென்றால் 20-0996. மேன்முறையீட்டுச் சபைக்கு 10182. கடிதத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் முதல் விண்ணப்பித்த நாளிலிருந்தே நிலுவை கேட்கலாம். இதுகூடத் தெரியாமல் அவசரம் என்று தலைப்புப் போடுகிறார்கள்.

திருநெல்வேலி_குமார்
நாரிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து அனுப்புங்கள். டிஸ்க் விலகியிருப்பது படத்தில் தெரிந்தால் மறுக்கவே முடியாது. என் மச்சானின் இன்சூரன்ஸ் விஷயம் அப்படித்தான் சரிவந்தது.

கொக்குவில்_தாதி
குமார் அண்ணா, இன்சூரன்ஸ் வேறு, இது வேறு. எம்.ஆர்.ஐ. இன்றைய நாரியைத்தான் காட்டும். அவர்கள் கேட்பது மூன்று: இப்போது நோய் இருக்கிறதா, சேவைக் காலத்தில் என்ன நடந்தது, இரண்டுக்கும் என்ன தொடர்பு. பலர் மூன்றாவதில்தான் விழுகிறார்கள். காரணமாக இருக்கக்கூடும் என்று பட்டும் படாமலும் வைத்தியர் எழுதினால் எடுபடாது. குறைந்தது ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லி, சேவைப் பதிவைப் பார்த்ததையும் காரணத்தையும் எழுத வேண்டும். போதனா வைத்தியசாலைக் காது கிளினிக்கில் கேட்டல் பரிசோதனை செய்யுங்கள். இரைச்சலை எந்த மெஷினாலும் நேரே அளக்க முடியாது. எப்போது தொடங்கியது என்று அண்ணா எழுதிக் கொடுப்பதும் சான்றுதான்.

தங்கச்சி, கடிதத்தில் அவர்கள் பார்த்த சான்றுகளின் பட்டியல் இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

சாவகச்சேரி_சிவா
இங்கே ஷெல் பட்டுக் கால் போன சனம் சொற்பக் கொடுப்பனவுக்கு அலைகிறது. நீங்கள் அமெரிக்க ஆமிக் காசுக்கு வழி கேட்கிறீர்கள்.

ஸ்காபரோ_வாசன்
அவர் வேலை செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார், சட்டப்படி கேட்கிறார். அதில் என்ன பிழை?

சாவகச்சேரி_சிவா
பிழை என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க இப்படி நாலு பேர் ஓடி வந்தால் நல்லது என்கிறேன்.

கொக்குவில்_தாதி
அதற்கு ஒரு இழை தொடங்குங்கள் சிவா, நான் வருகிறேன். மனமறிந்து சொல்கிறேன். இந்தப் பிள்ளைக்கு நாள் போகிறது.

மானிப்பாய்_தங்கை
பட்டியலில் சேவை மருத்துவப் பதிவு இருக்கிறது. அதன் கீழே, பரிசோதனைக்குச் சமூகமளிக்கவில்லை என்று இருக்கிறது. அண்ணாவுக்கு அப்படி ஒரு அழைப்பே வரவில்லை. நியூ ஜெர்சியில் முந்தி இருந்த வீட்டு முகவரிதான் அவர்களிடம் இருக்கிறது. ஒருவர் நிலுவைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொக்குவில்_தாதி
வேண்டாம்! அங்கீகாரம் பெற்றவர் மட்டுமே இந்த வேலை செய்யலாம். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படையினர் அமைப்புகள் இலவசமாகச் செய்யும்.

பிரச்சினை அந்தப் பரிசோதனைதான். முதலில் முகவரியை மாற்றுங்கள். 0995 போடும்போது, அழைப்பு கையில் கிடைக்கவில்லை, இலங்கையில் வசிக்கிறார், இங்கேயே பரிசோதனை ஒழுங்கு செய்யுங்கள் என்று தெளிவாக எழுதுங்கள். காது கிளினிக் அறிக்கையையும் வையுங்கள். புதிய சான்று இல்லாமல் 0995 நிற்காது.

பழையபதிவர்
வெளிநாட்டில் வசிப்பவர்களில் பெரும்பாலானோரின் கோப்பு பிட்ஸ்பர்க் அலுவலகத்துக்குப் போகும். 0996 போட்டிருந்தால் இந்த அறிக்கையைச் சேர்க்கவே முடியாது. அதைத்தான் மேலே சொன்னேன்.

திருநெல்வேலி_குமார்
எம்.ஆர்.ஐ.யும் எடுத்து வைத்தால் நட்டமில்லை.

மானிப்பாய்_தங்கை
முகவரி மாற்றியாயிற்று. 0995 இணையத்தில் போட்டுவிட்டோம், காது அறிக்கையோடு. தாதி அக்காவுக்கு மிக்க நன்றி.

ஸ்காபரோ_வாசன்
கூட இருந்த படையினர் யாராவது 21-10210 படிவத்தில் சாட்சி எழுதித் தந்தார்களா? நாரிக்கு அது பெரிய பலம்.

கொக்குவில்_தாதி
தங்கச்சி, பரிசோதனைத் திகதி வந்ததா?