பிரிட்டன் தொற்று இரத்த விவகாரம்: அறிக்கை வந்த பிறகும் இழப்பீடு ஏன் வரவில்லை?

வான்மதி:
லெஸ்டரில் எங்கள் அடுத்த வீட்டில் 84 வயது ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய மகனுக்கு ஹீமோபிலியா, அதாவது இரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய். சிறுவயதில் போட்ட ஊசிமருந்தில் எச்ஐவி கலந்திருந்தது. 1992இல், 22 வயதில் இறந்துவிட்டான். 2024 மே 20 அன்று விசாரணை அறிக்கை வெளியானது, பிரதமர் ரிஷி சுனக் மன்னிப்புக் கேட்டார், அந்த அக்டோபர் பட்ஜெட்டில் இழப்பீட்டுக்கு 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். மூதாட்டிக்கு இன்னும் ஒரு பென்னி வரவில்லை. சட்டமும் பணமும் இருக்கும்போது எதற்காக இழுத்தடிக்கிறார்கள்?

இராசரத்தினம்:
மகள், நான் இங்கே ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

இழுத்தடிப்பு 2024இல் தொடங்கவில்லை. இரத்தத்தை உறையச் செய்யும் ஃபேக்டர் 8 என்ற அந்த மருந்து, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து தயாரித்தது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காசுக்கு இரத்தம் கொடுத்தவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. ஒருவரிடம் கிருமி இருந்தால் போதும், தயாரிப்பு முழுவதும் கெட்டுவிடும். இந்த மருந்தாலும் இரத்தமேற்றியதாலும் 30,000க்கு மேற்பட்டோருக்கு எச்ஐவியோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்ற கிருமியோ தொற்றியது. அறிக்கை வருவதற்குள் ஏறத்தாழ 3,000 பேர் இறந்திருந்தார்கள்.

‘அன்றைக்குக் கிடைத்த சிறந்த சிகிச்சையைத்தான் கொடுத்தோம்’ என்று அரசுகள் மாறி மாறிச் சொல்லிவந்தன. தவறே நடக்கவில்லை என்றால் இழப்பீடு எதற்கு? கருணைத் தொகைதான். 1988இல் எச்ஐவி தொற்றிய ஹீமோபிலியா நோயாளிகளுக்கு மக்ஃபார்லேன் அறக்கட்டளை, 2004இல் ஹெபடைடிஸ் சி தொற்றியவர்களுக்கு ஸ்கிப்டன் நிதி. 1991இல் எச்ஐவி பாதித்தவர்களுக்குத் தொகை கொடுத்தபோது, ஹெபடைடிஸ் பற்றி இனி வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். தமக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதே அவர்களில் பலருக்கு அப்போது தெரியாது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான்.

அடுத்தது கோப்பு. கடைசிச் சிகிச்சைக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கழித்துப் பெரியவர்களின் கோப்புகளை அழிக்கலாம் என்பது விதி. நானே வண்டி வண்டியாக அனுப்பியிருக்கிறேன். ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தின்ன இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். நோய் தெரியவரும்போது, இரத்தம் ஏற்றியதற்குச் சான்று எங்கே இருக்கும்? சுகாதாரத் துறையிலோ சில ஆவணங்களை வேண்டுமென்றே அழித்ததாக அறிக்கையே சொல்கிறது. அழித்தவர்களே இப்போது ஆதாரம் கேட்கிறார்கள்.

சேது:
ஐயா, கோபம் புரிகிறது. ஆனால் இது மக்கள் வரிப்பணம். புதிதாக ஓர் அமைப்பை உருவாக்கி, ஒவ்வொருவரையும் சரிபார்த்துக் கொடுக்க நேரம் ஆகாதா?

இராசரத்தினம்:
ஆகும் தம்பி. அதனால்தான் விசாரணைத் தலைவர் பிரையன் லாங்ஸ்டாஃப் 2023 ஏப்ரலிலேயே ‘இறுதி அறிக்கைக்குக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள்’ என்றார். சட்டம் வந்தது 2024 மே மாதத்தில். 2025 ஜூலைத் தொடக்கம்வரை முழுத் தொகை பெற்றவர்கள் 460 பேர்தான். அப்போது தாமாக விண்ணப்பிக்கவும் வழியில்லை, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாங்ஸ்டாஃப் அந்த மாதமே இன்னொரு அறிக்கை எழுதிக் கண்டிக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் 1991 டிசம்பரிலேயே சட்டம் போட்டு நிதியம் அமைத்தது.

மகள், மூதாட்டிக்கு இரண்டு வழிகள். மகனின் பெயர் மக்ஃபார்லேன் அறக்கட்டளையில் பதிவாகியிருந்தால், அவன் விட்டுச்சென்ற சொத்தின் பேரில் 1,00,000 பவுண்டு இடைக்காலத் தொகை கேட்கலாம். அதற்கு, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உரிமை தரும் நீதிமன்றச் சான்று வேண்டும். தாய் என்ற முறையில் தமக்கான கோரிக்கை தனி. கோரியவர் இறந்தால் அந்தக் கோரிக்கையும் போய்விடும் என்று முதலில் விதி வைத்திருந்தார்கள். கண்டனத்துக்குப் பிறகு மாற்றச் சம்மதித்தார்கள். மரணச் சான்றிதழை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வான்மதி:
நன்றி ஐயா. சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அதில் நிமோனியா என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஊருக்குத் தெரியவேண்டாம் என்று அவரே அப்போது மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாராம்.

இராசரத்தினம்:
அன்றைக்குப் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. கவலை வேண்டாம். ஹீமோபிலியா மருத்துவர்கள் அமைப்பு ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் மகனுக்குக் கொடுத்த மருந்தின் விவரம் இருக்கக்கூடும். மூதாட்டியின் கையெழுத்துடன் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.