லார்ஜ் சென்ட் ப்ராக்கேஜ்: ஒரிஜினலா, வைஸ்ல வச்சு நசுக்கினதா?

செம்புப்பிரியன்:
வணக்கம் நண்பர்களே, பிலடெல்பியா பக்கம் ஒரு காயின் ஷோல 1798 லார்ஜ் சென்ட் (அமெரிக்காவோட பழைய, பெரிய செம்பு ஒரு சென்ட் காசு) ஒண்ணு பார்த்தேன். முன்பக்கம் லிபர்ட்டி தலை நார்மலா இருக்கு, பின்பக்கம் இலை வளையமும் ஒன் சென்ட்டும் இருக்க வேண்டிய இடத்துல அதே தலை உள்வாங்கி, கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி இருக்கு. டீலர் இத ப்ராக்கேஜ், அதாவது நாணயச்சாலையில அடிக்கும்போதே வந்த தப்புங்கறார், ஆனா கிரேடிங் ஸ்லாப் (நிபுணர்கள் சோதிச்சு சீல் வச்சுத் தர்ற பெட்டி) இல்ல. எடை 10.8 கிராம், அது ஓகேதானே? அப்படியே 1796 லிஹெர்ட்டி, 1801 த்ரீ எரர்ஸ்னு சொல்ற சென்ட் காசு எல்லாம் இதே வகையில வருமான்னும் சொல்லுங்க.

பழங்காசு:
எடைய நம்பி இறங்காதீங்க. 10.89 கிராம்தான் அப்போதைய கணக்கு, ஆனா நிஜ காசையே எடுத்து இன்னொரு காச மேல வச்சு வைஸ்ல (பட்டறையில இறுக்கிப் பிடிக்கற கருவி) இறுக்கியிருந்தாலும் எடை அப்படியேதான இருக்கும்.

நிஜ ப்ராக்கேஜ் எப்படி வருதுன்னா, அடிச்ச காசு வெளிய வராம பின்பக்க டையில (காசுல உருவத்தைப் பதிக்கற அச்சு) ஒட்டிக்கும், அடுத்த செம்புத் தகடு அதுக்கும் முன்பக்க டைக்கும் நடுவுல மாட்டி அடி வாங்கும், அதனால ஒரு பக்கம் நல்ல தலை, இன்னொரு பக்கம் குழிஞ்ச தலை. அந்தப் பக்கத்துல பின்பக்க டை படவே இல்ல, சோ லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சு பாருங்க, குழிஞ்ச தலைக்கு அடியில இலையோ ரிப்பன் முடிச்சோ லேசா தெரிஞ்சாலும் அது வைஸ் வேலை. முன்பக்கத்துல முடியும் கன்னமும் ஒரு மாதிரி சப்பையா பளபளன்னு இருந்தாலும் சந்தேகப்படுங்க.

இதைவிட உறுதியான டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ஒட்டிக்கிட்ட காசும் பொதுவா அதே முன்பக்க டையில அதுக்கு முன்னாடி அடிச்சதுதான். அந்தக் காலத்துல தேதியையும் எழுத்தையும் டையில கையாலதான் பஞ்ச் பண்ணாங்க (ஒவ்வொண்ணா தட்டிப் பதிச்சாங்க), ஒரு டை மாதிரி இன்னொண்ணு இருக்காது. குழிஞ்ச பக்கத்த போட்டோ எடுத்து போன்ல ஃபிளிப் பண்ணி முன்பக்கத்தோட வச்சுப் பாருங்க, 1798 நம்பர்களோட இடைவெளி, தலைமுடிக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம், டை விரிசல் இருந்தா அது எல்லாமே ஒத்துப் போகணும். ஒத்துப் போகலன்னா நான் தொடவே மாட்டேன்.

காசுமணி:
அண்ணன் சொன்னது கரெக்ட். ரெண்டாவது கேள்விக்கு, லிஹெர்ட்டி எல்லாம் அடிக்கும்போது வந்த தப்பு இல்ல, டை செஞ்சவர் பண்ண தப்பு. பி எழுத்த திருப்பி பஞ்ச் பண்ணிட்டு அது மேலயே சரியா அடிச்சிருக்கார், அதான் ஹெச் மாதிரி தெரியுது. 1801ல ஒரே டையில மூணு கோளாறு: டாலர்ல நூத்துல ஒரு பங்குன்னு காட்டற 1/100க்கு பதிலா 1/000, யுனைட்டட்ல யூ தலைகீழா விழுந்து திருத்தினதுல ரெண்டு ஐ மாதிரி ஆயிடுச்சு, வளையத்துல ஒரு காம்பையே காணோம். அந்த டையில அடிச்ச எல்லா காசுலயும் இது இருக்கும், லார்ஜ் சென்ட் டை வகைகளுக்கு உள்ள ஷெல்டன் பட்டியல்ல நம்பர் 219. ப்ராக்கேஜ், ஆஃப் சென்டர் (உருவம் நடுவுல விழாம நகர்ந்து விழுந்தது) எல்லாம் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியா நடந்த விபத்து, அதனால ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு விலை பேசாதீங்க.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது 1795, 1797 ஹாஃப் சென்ட்தான். மின்டுக்கு (நாணயச்சாலை) செம்பு கிடைக்காத நேரம், நியூயார்க் டால்பட் ஆலம் அண்ட் லீ கம்பெனியோட டோக்கன (காசு மாதிரி கம்பெனி வெளியிட்ட செம்பு வில்லை) வாங்கி வெட்டி அது மேலயே அடிச்சாங்க. சில காசுல டோக்கன்ல இருந்த கப்பலோட பாய்மரக் கோடு இன்னும் மிச்சம் இருக்கும், சாய்ச்சுப் பிடிச்சா தெரியும். அது எரர் இல்லதான், ஆனா இந்த மாதிரி தேடிப் பாக்கறவங்களுக்கு அத விட சந்தோஷம் வேற எதுலயும் கிடைக்காது. எதுவா இருந்தாலும் காச மட்டும் கழுவிடாதீங்க ப்ளீஸ், செம்போட நிறம் போனா போனதுதான்.