எண்ட்லிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1. சொற்பட்டியல் தொகுப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஊழிக்கால அறிவியல் புனைகதைத் தொடருக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அற்றுவிட்ட இனம், இயலிடத்தில் அற்றுவிட்ட இனம், மிக அருகிய இனம் ஆகியவை தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே புழங்குவதால் அவற்றில் கை வைக்கவில்லை. முட்டிக்கொண்டு நிற்பது ஒரே சொல்தான்: எண்ட்லிங். ஓர் இனத்தில் கடைசியாக உயிரோடு இருக்கும் ஒற்றை உயிர் என்பது பொருள்.

ஆங்கிலத்திலேயே இது புதுச்சொல். 1996இல் நேச்சர் இதழுக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் முன்மொழியப்பட்டது. அதற்குப் போட்டியாக எண்டர், டெர்மினார்க் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. ஆஸ்திரேலியத் தேசிய அருங்காட்சியகம் 2001இல் தைலசீன் (டாஸ்மேனியப் புலி என்ற அற்றுவிட்ட விலங்கு) காட்சியோடு சேர்த்து இந்தச் சொல்லை வைத்த பிறகுதான் அது வெளியே பரவியது. ஆகவே நாமும் துணிந்து ஒன்றை ஆக்கலாம்.

தொடரில் ஒவ்வொரு பாகமும் ஒரு விலங்கைச் சுற்றி நடக்கிறது. ஏலத்தில் போகிறது, கூண்டில் காட்சிக்கு நிற்கிறது, ஆய்வகத்தில் அறுபடுகிறது. கடைசிப் பாகத்தில் மிஞ்சுவது ஒரு மனித உயிர். சொல் உரையாடலிலும் வரும், அருங்காட்சியகப் பலகையிலும் வரும், அத்தியாயத் தலைப்பிலும் வரும்.

கையில் இருப்பவை: கடையுயிரி, எஞ்சுயிர், ஈற்றுயிர், இறுதியன். என் சாய்வு முதலாவதன் பக்கம். கடைச்சங்கம், கடையெழு வள்ளல்கள் என்று வரிசையின் முடிவைக் ‘கடை’யால் சுட்டும் மரபு நமக்கு உண்டு.

மடல் 2. மெய்ப்புத் திருத்துபவர்

கடைச்சங்கத்தில் சரி. ஆனால் ‘கடைநிலை’ என்றால் இன்று தாழ்ந்த படி. கடையுயிரி என்று பலகையில் எழுதினால், பரிணாம ஏணியின் அடியில் கிடக்கும் ஏதோ புழு என்று நினைப்பார்கள். விலங்குச் சந்தை நடக்கும் பாகத்தில் நிலைமை இன்னும் மோசம்: கடையில் விற்கும் உயிர் என்று படித்துவிட்டுப் போவார்கள், பொருளும் பிழையில்லாமல் பொருந்திவிடும்!

மடல் 3. உயிரியல் சரிபார்ப்பவர்

தொகுப்பாளர் ஐயாவுக்கு,

சொல்லுக்கு முன் பொருளின் எல்லையை வரைந்துகொள்வோம். வரைவில் நான்கு இடங்களில் எல்லை வழுக்குகிறது.

முதலாவது, எஞ்சியவர்களும் எண்ட்லிங்கும் ஒன்றல்ல. ஊழிக்குப் பின் பிழைத்த கூட்டம் முழுவதையும் எஞ்சுயிர் என்று சொல்லிவிடலாம். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு சோடி இருந்தாலும் இந்தச் சொல் பொருந்தாது. ஐஸ்லாந்தின் எல்டே தீவில் 1844 சூனில் பேரோக்கு (கிரேட் ஆக்) இனத்தின் அறியப்பட்ட கடைசிப் பறவைகள் இரண்டு கொல்லப்பட்டன. அந்தக் காட்சியை ஒட்டி எழுதியிருக்கும் பாகத்தில் எண்ட்லிங் என்று வருவதை நீக்குங்கள். இரண்டையும் ஒருசேரக் கொன்றால் அந்த நிலையே உருவாகவில்லை.

இரண்டாவது, இது சாவின் பெயரல்ல, வாழும் நிலையின் பெயர். பிண்டா தீவு ஆமை லோன்சம் ஜார்ஜ் 1971இல் கண்டெடுக்கப்பட்டு 2012 சூன் 24 அன்று இறந்தது. நாற்பது ஆண்டு அது எண்ட்லிங்காகவே புல் தின்றது. முடிவு, ஈறு, இறுதி என்று எதைச் சேர்த்தாலும் இறந்த நாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது பால். ‘இறுதியன்’ வேண்டவே வேண்டாம். தைலசீனை எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மேனியாவின் ஹோபர்ட் விலங்குக்காட்சியில் 1936 செப்டம்பர் 7 அன்று இறந்த கடைசி விலங்கை ஆண் என்று நம்பிப் பல காலம் பெஞ்சமின் என்றே அழைத்தார்கள். டாஸ்மேனிய அருங்காட்சியகத்திலேயே அடையாளம் தெரியாமல் கிடந்த அதன் எச்சங்கள் 2022இல் கண்டறியப்பட்டபோது, அது வயதான பெண் விலங்கு என்று தெரிந்தது. பாலைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவைத்தால் பிறகு சொல்லையே மாற்ற வேண்டிவரும். தொடருக்கு உதவும் இன்னொரு தகவல்: அந்த இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது அதே ஆண்டு சூலை 10. இடையில் 59 நாள்தான். வரைவில் ‘சட்டம் வந்த மறுநாள் செத்தது’ என்று இருக்கிறது. அதைவிட 59 நாள் கொடுமையானது, மாற்றிவிடுங்கள்.

நான்காவது, இனப்பெருக்கம் நின்றுபோன இனம் வேறு. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் சூடான், கென்யாவின் ஒல் பெஜெட்டாவில் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. மிச்சம் நஜின், ஃபட்டு என்ற தாயும் மகளும். இரண்டு இருப்பதால் எண்ட்லிங் இல்லை. இயல்பான முறையில் குட்டி போட வழியும் இல்லை. இதற்கு ‘வழியற்ற இனம்’ என்பதை முன்மொழிகிறேன். வழித்தோன்றலும் இல்லை, போக்கிடமும் இல்லை, இரண்டும் பொருந்தும். சூழலில் தன் பங்கை ஆற்ற முடியாத அளவுக்கு எண்ணிக்கை குறைந்த இனத்தையும் ஆங்கிலத்தில் ‘ஃபங்ஷனலி எக்ஸ்டிங்ட்’ என்ற அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அதைப் ‘பங்கிழந்த இனம்’ என்று பிரித்துவிடுவோம். ‘பணியிழந்த’ என்று யாரோ திருத்தியிருக்கிறீர்கள். காண்டாமிருகம் வேலையை விட்டுவிட்டதா?

மீளுயிர்ப்புப் பாகம் பற்றியும் இரண்டு வார்த்தை. மின்சாரம் போய் அறுபது ஆண்டு கழித்து உறைசெல்களை எடுத்து நகல் (குளோன்) ஆக்குகிறார்கள். நடக்காது. செல்கள் திரவ நைட்ரசனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கின்றன. சேமிப்புக் குடுவைக்கு மின்சாரம் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் நைட்ரசன் நாள்தோறும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாரும் நிரப்பாவிட்டால் குடுவையைப் பொறுத்துச் சில வாரமோ சில மாதமோதான் தாங்கும். அதன்பின் செல் கெட்டுப்போகும். ஆகவே நைட்ரசன் காய்ச்சி வடிக்கும் ஆலை ஒன்றையும் அதை ஓட்ட ஓர் ஆளையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும்.

செல் பிழைத்தாலும் சிக்கல் தீராது. பைரனீஸ் மலையாட்டின் கடைசி உயிரான சீலியா 2000 சனவரி 6 அன்று மரம் விழுந்து இறந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த அதன் செல்லிலிருந்து 2003இல் நகல் குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்தது. உயிரோடு இருந்திருந்தாலும் பெண் செல்லிலிருந்து பெண் மட்டுமே வரும். ஆணுக்குரிய ஒய் குரோமோசோமுக்கு எங்கே போவது? வளர்ந்த நகலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் கருங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற சிறு விலங்கைப் பாருங்கள். 1988இல் உறையவைத்த செல்லிலிருந்து 2020 திசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. அங்கே இனம் உயிரோடு இருந்தது, செல்லும் பராமரிப்பில் இருந்தது. அதனால்தான் முடிந்தது.

மடல் 4. இலக்கணம் பார்ப்பவர்

உயிரியல் அம்மா சொன்ன எல்லைகளை வைத்துக்கொண்டு சொற்களைப் புணர்த்தியும் வேற்றுமை ஏற்றியும் பார்த்தேன்.

ஈற்றுயிர் விழுந்துவிட்டது. எழுத்திலக்கணத்தில் அது சொல்லின் கடைசி உயிரெழுத்து. போதாக்குறைக்கு ‘ஈற்று’ என்றால் ஈனுதல். சாவைச் சொல்லப்போய்ப் பிறப்பைச் சொல்லும். ‘இன ஈறு’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சேர்த்தெழுதினால் இனவீறு. அதைப் படிப்பவர் இனப்பெருமை பேசும் கட்சிக் கூட்டத்துக்குத்தான் போவார். ‘எஞ்சி’ என்பதும் ஆகாது. எஞ்சி நின்றது, எஞ்சி இறந்தது என்னும்போது பெயரா, வினையெச்சமா என்று பிரிக்க முடியாது.

தொல்காப்பிய மரபியல் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர் தருகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிப்பட்டியல்கள் உண்டு. இனத்தின் கடைசி உயிருக்கு அங்கே பெயரில்லை. எடுத்தாள ஒன்றும் கிடைக்காது, ஆக்கத்தான் வேண்டும்.

என் முன்மொழிவு: இனமிலி. ஏதிலி, பெயரிலி என்ற வாய்பாடு. தன் இனத்தில் வேறெதுவும் இல்லாத உயிர். புணர்ச்சியில் மகரம் கெட வேண்டியதில்லை, குணமிலி, மானமிலி என்று வழக்கு உண்டு. இனமிலியை, இனமிலிக்கு, இனமிலியின், இனமிலிகள் என்று எல்லா உருபும் தடையின்றி ஏறும். அந்த நிலையைச் சொல்ல ‘இனமின்மை’ தானாகக் கிடைக்கிறது. ‘நாற்பது ஆண்டு இனமின்மையில் வாழ்ந்த ஆமை’ என்று எழுதலாம். கடையுயிரியிலிருந்து இப்படி ஒரு பண்புப்பெயர் பிறக்காது.

அதைவிடப் பெரிய ஆதாயம் திணை. இலி ஈற்றுச் சொல் திணையையோ பாலையோ தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அறிவிலி வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் சொல்லலாம். ஆமைக்கு ‘இனமிலி இறந்தது’ என்று எழுதிய கை, கடைசிப் பாகத்தில் மனிதருக்கு ‘இனமிலி எழுந்தாள்’ என்று எழுதலாம். சொல் மாறாமல் வினைமுற்று மட்டும் மாறுகிறது. பல பாகங்களாக விலங்குக்குச் சொன்ன பெயர் ஒரு பெண்மேல் வந்து உட்காரும் இடத்தில் விளக்கவுரையே வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அறிவிலி, நாணிலி, மானமிலி என்று இந்த வாய்பாட்டில் பாதி வசைச்சொற்கள். ஆனால் ஏதிலியும் பெயரிலியும் வசையாகவில்லை, முன்னே நிற்கும் சொல்லைப் பொறுத்தது.

மடல் 5. ஒலிநூல் வாசிப்பவர்

இனமிலியில் ஒரு மாற்றுப்பொருள் ஒளிந்திருக்கிறது. எந்த இனத்திலும் சேராத உயிர் என்றும் படிக்கலாமே? ஆய்வகத்தில் இரண்டு விலங்கின் செல்லைக் கலந்து ஆக்கிய உயிர் மூன்றாம் பாகத்தில் வருகிறது. கேட்பவர் அதைத்தான் இனமிலி என்று எடுத்துக்கொள்வார்.

மாற்றாகக் கிளையிலி எப்படி? கிளை என்றால் சுற்றம். விலங்குக்கும் அது பழைய ஆட்சிதான். குறுந்தொகை 69இல் துணையை இழந்த மந்தி, தன் பறழைக் கிளையிடம் சேர்த்துவிட்டே உயிரை விடுகிறது. கிளை இல்லாத உயிரால் அதுகூட முடியாது.

மடல் 6. மெய்ப்புத் திருத்துபவர்

அழகான சொல், ஆனால் காலம் தவறி வந்திருக்கிறது. இன்று கிளை என்றால் மரக்கிளை அல்லது வங்கிக்கிளை. நீங்களே ஒலிப்பதிவில் வாசித்துப் பாருங்கள். சின்சினாட்டி விலங்குக்காட்சியில் 1918இல் இறந்த கரோலினா கிளியை வைத்து ஒரு பாகம் இருக்கிறது. ‘கிளையிலிக் கிளி’ என்று வேகமாகச் சொன்னால் கிளையில் கிளி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாம் பாகத்துச் சிக்கலுக்கு மருந்து அங்கேயே இருக்கிறது. ஆய்வக உயிரைக் ‘கலப்பி’ என்று முதல் வரியிலிருந்தே பெயரிட்டுவிட்டால் இனமிலிக்கு அங்கே வேலையில்லை.

மடல் 7. சொற்பட்டியல் தொகுப்பாளர்

இனமிலி என்றே பதிகிறேன். கடையுயிரியை நானே கைவிட்டேன், திணை வாதத்துக்குப் பதில் இல்லை. வரையறை: ‘ஓர் இனத்தில் உயிரோடிருப்பதாக அறியப்பட்ட ஒரே உயிர்.’ ‘அறியப்பட்ட’ என்பதை யாரும் வெட்ட வேண்டாம். காட்டில் இன்னொன்று இல்லை என்பது அந்த நாளில் யாருக்கும் தெரியாது, கதைமாந்தர்க்கும் தெரியக்கூடாது. பலகைக் காட்சிகளில் ‘அறியப்பட்ட கடைசி’ என்று வர வேண்டும்.

அடுத்தது, அரிதாக ஆக விலை ஏறி, விலை ஏறுவதால் வேட்டை கூடி, மேலும் அரிதாகும் நிலை. வழக்கமாக விலங்கு குறையக் குறையத் தேடும் செலவு கூடி, கட்டுப்படியாகாமல் வேட்டை நின்றுவிடும். தேடும் செலவைவிட விலை வேகமாக ஏறினால் மட்டுமே கடைசி உயிர்வரை துரத்துவார்கள். ஏலப் பாகத்தின் உயிர்நாடி இதுதான். அருமைச்சுழல் என்று போட்டிருக்கிறேன். அருமையில் அரிதும் விலைமதிப்பும் ஒன்றாக நிற்கின்றன.

மடல் 8. உயிரியல் சரிபார்ப்பவர்

அருமைச்சுழலுக்கு உடன்பாடு. ஆனால் பயணிப்புறா (வட அமெரிக்காவின் பாசஞ்சர் பிஜன்) பாகத்தில் அதைப் போடாதீர்கள். அங்கே அரிதானதால் விலை ஏறவில்லை. கோடிக்கணக்கில் மலிந்து கிடந்தபோதே மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போயிற்று. பெருங்கூட்டமாகவே கூடு கட்டிப் பழகிய பறவை, கூட்டம் உடைந்ததும் பெருக முடியவில்லை. கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று கூண்டில் இறந்தது. வேட்டைக்காரன் கடைசிப் புறாவைச் சுடும் காட்சி தேவையே இல்லை.

இன்னொரு சொல்லும் பாக்கி: ஓரினம் போகும்போது அதையே நம்பியிருந்த மற்றொன்றும் போவது. ‘உடனழிவு’ போதும். காப்பக மருத்துவர் பிடித்து வந்த கழுகுக்கெல்லாம் பேன் மருந்து அடிக்கும் காட்சியில் இது வர வேண்டும். கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளை 1980களில் பிடித்துக் காத்தபோது இப்படித்தான் அவற்றுக்கே உரிய பேனினம் ஒன்று அற்றுப்போனது. பறவை பிழைத்தது.

மடல் 9. மெய்ப்புத் திருத்துபவர்

அப்படியானால் அந்தக் கடைசிப் பேனும் இனமிலிதானே?

மடல் 10. தொகுப்பாளர்

வரையறைப்படி இல்லை. ஒற்றைப் பேன் மிஞ்சியதை யாரும் அறியவில்லை. அந்தக் காட்சியில் ‘அற்றுவிட்ட இனம்’ என்று மட்டும் போடுகிறேன்.