மூணு லிட்டர் கடல் தண்ணி காய்ச்சினேன், உப்பு கசக்குது. எங்கே தப்பு?

திருவான்மியூர்க்காரன்:
போன ஞாயிறு பெசன்ட் நகர் கடலில் மூணு லிட்டர் தண்ணி மோந்து வந்து, துணியில் வடிகட்டி அடுப்பில் வைச்சேன். மகளோட ஆறாம் வகுப்பு செயல்திட்டம். (கேஸ் தீர்ந்ததுக்கு வீட்டில் வாங்கின திட்டு தனிக்கதை.) சொட்டு ஈரம் இல்லாமல் வத்தவிட்டுச் சுரண்டினேன், ஏறக்குறைய 100 கிராம். நாக்கில் வைச்சா முதலில் உப்பு, அப்புறம் வேப்பங்கொழுந்து. ராத்திரி தட்டில் பரப்பினது காலையில் கஞ்சியா இளகிக் கிடக்கு. அலுமினியச் சட்டியிலும் புள்ளி புள்ளியா அரிப்பு. யாராவது சொல்லுங்க.

மொட்டைமாடி:
அடையாறு முகத்துவாரம் பக்கத்தில்தானே மோந்தீங்க? கொதிச்சதில் கிருமி செத்திருக்கும், ஆத்தோட வந்த மத்த கழிவெல்லாம் உப்போடவே சுண்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் காட்டுங்க, சாம்பாருக்கு வேண்டாம்.

முள்ளக்காட்டு மகள்:
தம்பி, முழுசா வத்தவிட்டதுதான் தப்பு. எங்க அம்மா தூத்துக்குடி உப்பளத்துல 26 வருசம் வேலை பாத்தவ. லீவுன்னா நானும் கூடப் போவேன்.

கடல் தண்ணி லிட்டருக்கு 35 கிராம் கரைஞ்சிருக்கும். உங்க 100 கிராம் கணக்கு சரிதான். ஆனா அதுல சோத்துக்குப் போடுற உப்பு முக்காப் பங்குக்குக் கொஞ்சம் மேல. மிச்சத்துல பெரும்பங்கு மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட். கசப்பு அதோடது. காத்துல ஈரத்த இழுத்து இளகுறதும் அந்தக் குளோரைடுதான்.

அளத்துல கடல் தண்ணி வரும்போது கரிப்பு 3 டிகிரி இருக்கும் (சூடு இல்ல, தண்ணியோட அடர்த்திய வைச்சுக் கரிப்பு பாக்குற போமே அளவு). வெயில்ல காயக்காய அடுத்தடுத்த பாத்திக்குத் தள்ளிக்கிட்டே போவாங்க. 13 தாண்டினா ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) வெள்ளையா படிய ஆரம்பிக்கும், அத அங்கேயே விட்டுட்டுத் தண்ணிய மட்டும் நகத்தணும். 25 ஆனாத்தான் உப்புப் பாத்தி. 29, 30-க்குப் போனா மிச்சத் தண்ணியத் திறந்து விட்டுருவாங்க. டிகிரி பாக்குற கண்ணாடிக் குழாய் கங்காணிகிட்ட இருக்கும். அம்மைக்கு அது வேண்டாம். தண்ணி செவப்பு தட்டினதும் "உப்பு விழப்போகுதுட்டி"ம்பா. அந்தக் கரிப்புலயும் வாழுற நுண்ணுயிர் தர்ற நிறம் அதுன்னு நான் காலேஜ்ல படிச்சுட்டு வந்து சொன்னேன். "சரி, பலகையப் பிடி"ன்னா.

நீங்க மறுபடி செஞ்சா மூணு லிட்டர் 400 மில்லி ஆனதும் வடிகட்டுங்க. அடியில படிஞ்ச வெள்ளைய எடுத்துருங்க. 300-க்குக் கீழ உப்பு விழும். 100 மில்லி நிக்கும்போதே இறக்கி, தண்ணியக் கொட்டிட்டு உப்ப மட்டும் துணியில வடியவிடுங்க. எவர்சில்வர் பாத்திரம் வைங்க, கரிப்புத் தண்ணி அலுமினியத்த அரிக்கும்.

கடல்கரை:
உப்பளத்தில் கால் என்ன பாடுபடும் அக்கா?

முள்ளக்காட்டு மகள்:
பாதம் பாளமா வெடிக்கும். அந்த வெடிப்புல கரிப்பு ஏறுறத எழுத்துல சொல்ல முடியாது. அம்மைக்குப் பூட்ஸ் தந்தாங்க. வாயோரம் தண்ணி புகுந்துட்டா ஊறி இன்னும் மோசம்னு கழட்டிப் போட்டுட்டா. வெள்ளை உப்புல வெயில் பட்டு அடிக்கிற கூசல் வேற. 51 வயசுல ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. ஆனா அவ அதிகம் புலம்பினது காலுக்கும் கண்ணுக்கும் இல்ல. அளத்துல பொம்பளைக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டா. அந்த வெயில்ல! நீர்க்கடுப்பு வராத வருசம் இல்ல.

ஐப்பசி மழை தொடங்கினா தைக்கு அப்புறந்தான் வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்துல தட்டுமேட்டுல (அள்ளின உப்பக் குவிக்கிற மேடு) குவிச்சு வைச்சிருந்ததே கரைஞ்சு போச்சு.

திருவான்மியூர்க்காரன்:
அக்கா, நேத்து நீங்க சொன்னபடியே செஞ்சேன், இந்தத் தடவை கோவளத்துத் தண்ணி. 60 கிராம் கிடைச்சுது. கசப்பு ரொம்பக் குறைவு, இளகவும் இல்லை. இதையே வீட்டுக்கு வைச்சுக்கலாமா?

முள்ளக்காட்டு மகள்:
வேண்டாம் தம்பி. இதுல போதுமான அயோடின் இருக்காது. கடையில வாங்குறதுல பத்து லட்சத்துக்கு 15 பங்காவது இருக்கணும்னு சட்டம், தொண்டைக் கழலை வராம இருக்க. வடிச்சுக் கொட்டின தண்ணியில கொஞ்சம் எடுத்து பாட்டில்ல வைச்சு, உப்புக்குப் பக்கத்துல மகளக் காட்டச் சொல்லுங்க. டீச்சர் கேப்பாங்க.

திருவான்மியூர்க்காரன்:
கொட்டிட்டேனே அக்கா! மறுபடி கோவளம் போகணும். கேஸ் சிலிண்டர் புதன்கிழமைதான் வருது.